பாலிஷ் பூசாத நெளிசல்

அக்காவின் கார் என்ன நிறம் என்று கேட்டால் நாங்கள் ஆளுக்கொரு பதில் சொல்வோம். காகிதத்தில் அது வெளிர் நீலம். கிட்டே போய்ப் பார்த்தால் வலது கதவில் குங்கும நிறத்தில் ஒரு கோடு இருக்கும். முன்சக்கரத்துக்கு மேலே ஊதா. பின்விளக்குக்குக் கீழே மினுமினுப்பு கலந்த இளஞ்சிவப்பு. எல்லாம் நெயில் பாலிஷ். அந்தக் காரில் ஓட்டிப் பழகிய பெண்கள் சுவரிலும் தூணிலும் உரசி வாங்கி வந்த கீறல்கள். கீறியவள் தன்னுடைய நெயில் பாலிஷைக் கொண்டுவந்து தானே பூச வேண்டும் என்பது அக்காவின் சட்டம். பூசி முடித்ததும் அக்கா குனிந்து வாயால் ஊதிக் காயவைப்பார். அத்துடன் அந்தக் கோட்டுக்குப் பெயர் வந்துவிடும்.

"இது கலாவின்ர கோடு. இது தர்சினியின்ர. இது எங்கட டொக்டர் அம்மாவின்ர. அவ மனுசரை வெட்டித் தைப்பா, ரிவேர்ஸ் மட்டும் வராது."

புதிதாக வருகிற பெண்ணை அக்கா முதலில் ஸ்டியரிங்கில் உட்காரவைக்க மாட்டார். இப்படிக் காரைச் சுற்றிக் காட்டுவார். சுற்றி முடிக்கும்போது அவளுடைய பயத்தில் பாதி போயிருக்கும்.

மூன்று கதவு, மூன்று சிலிண்டர். நான்கு பேர் உட்காரலாம் என்று காரோடு வந்த புத்தகம் சொன்னது. நான்காவது ஆள் காலை எங்கே வைப்பது என்று அது சொல்லவில்லை. மெல்பர்னின் தென்கிழக்கில் எங்கள் ஆட்கள் வீடு வாங்கிய கையோடு வாங்குவது, லாரிக்குத் தம்பி போன்ற ஒரு கார். கணவன், மனைவி, ஒரு குழந்தை, ஏழு இருக்கை. அதில் மனைவி ஓட்டப் பழகக்கூடாது, கீறல் விழுந்துவிடும். அதனால் அந்த மனைவிகள் எல்லாரும் ஸ்பிரிங்வேலில் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். பெரிய கார்களுக்கு நடுவில் அக்காவின் கார் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ் போல நிற்கும்.

ஒருமுறை சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற பெரிய வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கி, "மிச்சக் காரை எங்கே விட்டுவிட்டு வந்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அக்கா அவனுடைய வண்டியை முன்னிருந்து பின்வரை பார்த்தார். "அதை நீயல்லவா வைத்திருக்கிறாய்" என்று அவன் மொழியிலேயே சொன்னார். பச்சை விழுந்ததும் முதலில் கிளம்பியது எங்கள் டிபன் பாக்ஸ்தான்.

சனிக்கிழமைகளில் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் மீனும் கீரையும் வாங்க வருகிறவர்கள் இடம் தேடிச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அக்கா ஒரு சுற்று சுற்றுவார். தூணுக்கும் இன்னொரு காருக்கும் நடுவில், மற்றவர்கள் இடம் என்றே நினைக்காத ஒரு சந்தில் நுழைந்துவிடுவார். பெட்ரோல் போட எப்போதாவதுதான் போவார். நிலையத்துக்காரர், "வெளியூர் போயிருந்தீர்களா?" என்று விசாரிப்பாராம்.

"கார் எண்டா அது எங்களைக் கொண்டு போகோணும். நாங்கள் அதைச் சுமந்துகொண்டு திரியக்கூடாது" என்பார். யாராவது பெரிய கார் வாங்கச் சொன்னால், "எனக்கு இது காணும்." போதும் என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் முதுகலை படிக்க வந்து, அவர் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவருக்கு அப்போது நாற்பது இருக்கலாம். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர் என்பது தெரியும். எப்படி இந்த நாட்டுக்கு வந்தார், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. ஏனென்றால் அவர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை.

அதுதான் அவர். கேள்வி கேட்கத் தெரியாத மனுஷி என்று நான் ஆரம்பத்தில் நினைத்தேன். கலா ஒருநாள் ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போனவள், சாயங்காலம்தான் திரும்பி வந்தாள். காருக்குள் மணல். அக்கா மிதியடிகளை எடுத்து வேலியில் தட்டினார். "நல்ல கடற்கரை மண்" என்றார். அவ்வளவுதான். ஊரில் கலாவின் அம்மா இறந்த செய்தி அன்று காலை வந்திருந்ததும், அவள் பிராங்க்ஸ்டன் கடற்கரையில் தனியாகப் போய் உட்கார்ந்திருந்ததும் ஒரு வாரம் கழித்து அவளாகச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அக்காவுக்கு அப்போதும் அது புதுச் செய்தியாகத் தெரியவில்லை.

பக்கத்து இருக்கையில் உட்காரும்போதும் அப்படித்தான். "நான் ஒண்டும் சொல்லித்தாறேல்லை. சும்மா இருக்கிறன். சட்டத்துக்கு ஒரு ஆள் இருக்கோணுமெல்லோ" என்பார். மடியில் ஒரு பை வறுத்த கச்சான் வைத்திருப்பார். அவர்கள் ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். ஓட்டுகிறவள் ரவுண்டானாவில் திணறும்போதும், பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போதும் டக், டக்கென்று கச்சான் உடைபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "இந்தச் சத்தம் நிண்டால் மட்டும் பயப்படுங்கோ" என்று சொல்லிவைத்திருந்தார். எனக்குத் தெரிந்து ஓட்டும்போது அது நின்றதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். இருவரும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. பள்ளியிலிருந்து ஒரு தேர்விலும் நான் இரண்டாம் முறை உட்கார்ந்ததில்லை. இரண்டாம் முறை என்ற ஒன்று எங்களுக்குக் கிடையாது என்றே நினைத்து வளர்ந்தேன். அந்தப் பெருமை இன்றும் எனக்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அது எனக்குள் வேறொன்றாகவும் ஆகியிருந்தது என்பதை இந்தக் கார் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ஓட்டுநர் தேர்விலும் முதல் முறையே தேறினேன். அந்தக் காரில் பழகியவர்களில் கோடு போடாதவள் நான் மட்டும்தான். அக்கா புதியவர்களிடம் காரைச் சுற்றிக் காட்டிவிட்டு, என்னைக் கடைசியாகக் காட்டுவார். "இவதான் என்ர காரில கோடு போடாத ஒரே ஆள்." அவர் விளையாட்டாகத்தான் சொல்வார். நான் அதைப் பட்டமாக வாங்கிக்கொள்வேன். மற்றப் பெண்கள் தங்கள் கோடுகளைக் காட்டி ஒருவரையொருவர் கேலி செய்து சிரிக்கும்போது, நான் கொஞ்சம் தள்ளி நின்று சிரிப்பேன்.

உரிமம் வாங்கிய பிறகு தேவைப்படும்போது நான் காரைத் தனியாக எடுப்பேன். ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்குப் போயிருந்தேன். இடம் கிடைத்த அவசரத்தில் பின்னால் எடுத்தேன். கடைத் தள்ளுவண்டிகள் நிறுத்துமிடத்தின் மஞ்சள் இரும்புத் தூண் இடது பின்பக்கத்தில் இறங்கியது. கீறல் இல்லை, நெளிசல். உள்ளங்கை அளவுக்குத் தகடு உள்ளே போயிருந்தது. மடிப்பில் மஞ்சள் பெயிண்ட்.

அக்கா ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "சரி, பாலிஷ் கொண்டு வாங்கோ, ஒரு முழுப் போத்தல் வேணும்" என்று சிரித்திருப்பார். அது தெரிந்தும் என்ன செய்தேன் என்றால், டிஷ்யூவில் சானிடைசரை நனைத்து மஞ்சளைத் தேய்த்தேன். மடிப்புக்குள் இருந்த ஒரு கோடு மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்து, நெளிந்த பக்கம் செடிவேலியை ஒட்டி இருக்கும்படி காரை நிறுத்தினேன். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நான்கு மணிக்கு ரேவதி வந்தார். புதுக்கோட்டைப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கிரான்போர்னைத் தாண்டிப் புதிதாக எழும்பிய ஒரு தெருவில் வீடு. காரில் ஏறும் முன் பம்பரைத் தொட்டுக் கும்பிடுவார். இண்டிகேட்டர் போட்டால் வாய்விட்டு "போட்டுட்டேன்" என்பார். அவருக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அவர்கள் தெருவுக்கு அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. அவர் கணவரின் வேலையும் அந்நேரம்தான். புதன்கிழமை ஓட்டுநர் தேர்வு. தேறினால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் சொந்தமாகத் தேடிக்கொண்ட முதல் வேலை அது.

நான் அறைக்குள் இருந்தேன். அவர்கள் போன சத்தமும் கேட்டது, திரும்பி வந்த சத்தமும் கேட்டது. வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது 'டம்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசலோரம் வைத்திருந்த பெரிய குப்பைத்தொட்டி சாய்ந்து கிடந்தது. ரேவதி இறங்கிப் பின்பக்கம் வந்தார். நெளிசலைப் பார்த்தார்.

"ஐயோ அக்கா! நான் பாக்கவே இல்லக்கா! இவ்ளோ பெருசா ஆயிடுச்சே!"

தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன். வந்தது வேறு.

"பரவாயில்ல ரேவதி. எல்லாருக்கும் நடக்கிறதுதானே."

அக்கா முன்கதவருகே நின்றிருந்தார். கையில் ஒரு கச்சான். அது உடையவில்லை. அவர் பார்த்தது ரேவதியையும் அல்ல, நெளிசலையும் அல்ல. சாய்ந்து கிடந்த தொட்டியைப் பார்த்தார். பச்சைப் பிளாஸ்டிக் தொட்டி. பிறகு என்னைப் பார்த்தார்.

ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

அடுத்த நாளே ரேவதி கணவரோடு வந்தார். கையில் ராணி நிற நெயில் பாலிஷ். அவர் கணவர் காரைச் சுற்றி வந்து, "நான் அப்பவே சொன்னேங்க. இவளுக்கு இதெல்லாம் வராது" என்று சிரித்தார். ரேவதி குனிந்து மூடியைத் திருகினார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு வேண்டாம் பிள்ளை. இது நீங்கள் செய்ததில்லை."

"எனக்காகச் சொல்லாதீங்கக்கா. நாந்தானே ஓட்டினேன். எல்லாரும் பாத்தோமே."

எல்லாரும் என்றபோது அவர் என்னைத்தான் காட்டினார். நான் சமையலறைக்குள் போய் அவர்களுக்குத் தேநீர் போட்டேன்.

புதன்கிழமைத் தேர்வை ரேவதி ரத்து செய்தார். அக்கா மூன்று முறை அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். வேலை வேறு யாருக்கோ போயிற்று. நெளிசலில் யாரும் பாலிஷ் பூசவில்லை. மழை பட்டு அதன் ஓரம் துருப்பிடிக்க ஆரம்பித்தது. புதியவர்களுக்குக் காரைச் சுற்றிக் காட்டும்போது அந்த இடம் வந்தால் அக்கா பேசாமல் கடந்துபோவார். என்னைக் கோடு போடாத ஒரே ஆள் என்று காட்டுவதையும் நிறுத்திவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஒருநாள் அவர் காரைக் கழுவியபோது ஹோஸைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். நெளிசல் அருகே வந்ததும் துணியை விரலில் சுற்றி அந்த மடிப்பைத் தேய்த்தார்.

"இந்த மஞ்சள் போகுதில்லை, தங்கச்சி."

"துருவா இருக்கும்க்கா."

"துரு இப்பிடி எலுமிச்சம்பழம் மாதிரியோ வரும்?"

நான் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினேன். அவர் துணியைப் பிழிந்துவிட்டு முன்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். எனக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, நான் வராததைப் பார்த்துச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போன மாதிரி இருந்தது.

பிறகு எனக்கு வேலை கிடைத்து வடக்கே கிரெய்கிபர்னுக்குப் போனேன். வெள்ளை நிறத்தில் உயரமான ஒரு கார் வாங்கினேன். ஊரில் அப்பா அதன் படத்தைச் செல்போனில் வைத்து உப்பளத்தில் எல்லாரிடமும் காட்டினாராம். அந்தக் கார் எதன் பக்கத்தில் போனாலும் கூவி எச்சரிக்கும். நகரத்துக்குள் அதை நிறுத்த இடம் தேடி அலையும் ஒவ்வொரு முறையும் அந்த வெளிர் நீலம் ஞாபகத்துக்கு வரும். ஒரு சின்னக் கார் பெண்களுக்கு என்ன கொடுத்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இடித்தாலும் உலகம் முடிந்துவிடாத ஒரு கார் அது. எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். அதை ரேவதியிடமிருந்து நான் பறித்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்து, அந்தக் காரில் பழகிய எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அக்காவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. "நான் சிட்னிக்குப் போறன். ஹோம்புஷில ரெயில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில ஒரு பிளாட். அங்க எனக்குக் கார் தேவையில்லை. இதுக்கும் கியர்பொக்ஸ் முடிஞ்சுது. சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து ஏத்துறார். எல்லாரும் வந்து உங்கட உங்கட கோட்டுக்குப் பக்கத்தில நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்."

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். என் காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போனேன். டாக்டர் அம்மா தன் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். கலா மிக்சரைத் தட்டில் கொட்டி நீட்டினாள். ரேவதியும் வந்திருந்தார். இரண்டு பேருந்து மாறி வந்ததாகச் சொன்னார். அந்த நெளிசலுக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

"நிண்டுகொள்ளுங்கோ, லொறி வந்திட்டுது" என்றார் அக்கா.

"நான் எடுக்கிறேன்" என்று சொல்லி அவர் போனை வாங்கிக்கொண்டேன். படம் எடுக்கிறவள் எங்கும் நிற்க வேண்டியதில்லை.

திரையில் எல்லாரும் தெரிந்தார்கள். தர்சினி கதவருகே. கலா முன்சக்கரத்தருகே. இடது பின்பக்கத்தில் ரேவதி, நெளிசல் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு. "என்னோடது பெருசு. கையால மறைக்கவே முடியல பாருங்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். என் விரல் அழுத்தவில்லை.

"ரேவதி, அது நீங்க இடிச்சது இல்ல. நான் இடிச்சது."

"இவவாவது இடிக்கிறதாவது!" என்றாள் கலா.

ரேவதி தலையை ஆட்டினார். "சும்மா இருங்க. நீங்க எப்பவும் இப்படித்தான். அன்னிக்கும் ஓடி வந்து பரவாயில்லன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். எத்தனையோ நாள் அத நெனச்சுப் பாத்திருக்கேன். நன்றிங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் எனக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று பார்த்தேனா, இத்தோடு விட்டுவிடச் சொல்ல வேண்டும் என்று பார்த்தேனா, தெரியவில்லை. அவர் கச்சான் பையைச் சுருட்டிக் கார் கூரைமேல் வைத்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, தங்கச்சி. விளங்கச் சொல்லுங்கோ."

சொன்னேன். அந்த மதியத்தை, மஞ்சள் தூணை, டிஷ்யூவை, செடிவேலியை ஒட்டி நிறுத்தியதை. "நீங்க இடிச்சது குப்பைத்தொட்டிய மட்டும்தான். அது பிளாஸ்டிக். எனக்கு அப்பவே தெரியும்."

ரேவதி குனிந்தார். மடிப்புக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினார். நகத்தில் வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சள்.

"நாலு நாள்ல டெஸ்ட் இருந்துச்சு" என்றார். என்னிடம் சொல்லவில்லை. அந்த நகத்திடம் சொன்னார். பிறகு காரைவிட்டு விலகி, வேலியோரம் போய் நின்றுகொண்டார்.

லாரிக்காரர் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்ததா என்று கேட்டார். அக்கா ஒரு விரலைக் காட்டி அவரைக் காத்திருக்கச் சொன்னார். போனை என் கையிலிருந்து வாங்கிக் கலாவிடம் கொடுத்தார். இடது பின்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. என்னிடம் ஒரு நெயில் பாலிஷ்கூட இல்லை. போய் நின்றேன்.

கலா போனை உயர்த்தவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை.